தேரி: எந்த மணலுக்கு இந்தப் பேர்?

செவக்காடு:
மணல்மேடெல்லாம் தேரி ஆகிவிடாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளிக் கிடக்கும் செம்மணல் காட்டுக்குத்தான் அந்தப் பேர். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி இரண்டும் பெரியவை. தேரிக்குடியிருப்பு, தேரியூர் என்று ஊர்ப்பேரிலும் ஒட்டிக்கொண்டது. புவியியலாளர்களும் இதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள்.

கல்லும் மண்ணும்:
செம்மண் வேறு, தேரி மணல் வேறு. மேல்மணலில் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து உருண்டை பிடித்து வெயிலில் காயவையுங்கள். செம்மண் உருண்டை நிற்கும்; தேரி மணல் விரல் பட்டதும் உதிரும். சிவப்பு, மணிக்குள் இல்லை, மேலே பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடில் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் அந்தப் பூச்சு கரைந்து, உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிம மணி வெளுத்துத் தெரியும். கூடவே கறுப்பாகக் கிடப்பது பெரும்பாலும் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம்.

பனையடி:
தேரியில் பனை போடுகிறவர்களுக்கு: மழைக்கு முன் ஐப்பசி வாக்கில் கொட்டை ஊன்றுங்கள், 10 அடிக்கு ஒன்று. மேலாகப் புதைத்தால் ஆனி, ஆடிக் காற்று மணலை வாரிக்கொண்டுபோய்க் கொட்டையை வெளியே தள்ளிவிடும். காற்றுக்குக் குறுக்கே பனமட்டை வேலி போடணும். நெருக்கி அடைக்காதீர்கள், பாதிக்குப் பாதி இடைவெளி விடுங்கள். அடைத்த வேலியில் காற்று மேலேறிச் சுழன்று, அடியை அரித்து, வேலியையே சாய்க்கும். இடைவெளி இருந்தால் வேகம் குறைந்து மணல் அங்கேயே படியும். மண் முட்டினதும் அதன்மேல் இன்னொரு வரிசை.

செவக்காடு:
மாட்டைக் கட்டிப்போடும் வேலி மாதிரி நெருக்கமாகத்தான் நிறையப் பேர் போடுகிறார்கள், அதுதான் கோளாறு.

சுனைக்கரை:
தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெய்கிற மழை மேலே நிற்காமல் உடனே உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் தேரிமேல் குளம் கிடையாது. அடியில் இறுகிய படுகையில் முட்டிய நீர், சரிவு முடிகிற இடத்தில் ஊற்றாகக் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை அப்படிப்பட்ட இடம். கிணறு வெட்டுவதானால் மேட்டில் வேண்டாம், அடிவாரத்தில் பாருங்கள். பக்கம் சரியும், அதைத் தாங்க உள்ளே உறை (வளையம்) இறக்குவது கட்டாயம்.

கல்லும் மண்ணும்:
காற்று அரித்த பள்ளங்களில் நகக்கண் அளவு கூரிய கற்சில்லுகள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். நுண்கற்கருவிகளாக, அதாவது கற்கால மனிதர் செய்த சின்னக் கல் கருவிகளாக இருக்கலாம், ஸாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1956-இல் இந்தத் தேரிகளை வைத்துத்தான் விரிவாக எழுதினார்கள். கிடந்த இடம் தெரியாத சில்லு ஆய்வுக்கு உதவாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.