புதுப்பிப்பு: பிரேக் மிதித்தால் டிரெய்லரில் இண்டிகேட்டரும் எரிவது பற்றி

நெல் ஏற்றும் டிரெய்லரில் பிரேக் லைட் மங்கலாக எரிகிறது, கூடவே இண்டிகேட்டரும் மினுக்குகிறது என்று எழுதியிருந்தேன். கோளாறு எர்த்தில்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில். தனி எர்த் ஒயர் இல்லாமல், டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் பின் (இரும்பு முளை) வழியாகவே கரண்ட் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வயல் சேறும் துருவும் கிரீஸும் அப்பிக்கொண்டதும், கரண்ட் திரும்ப வழியில்லாமல் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்துவிடுகிறது.

ஏழு பின் சாக்கெட்டில் 3ஆம் பின்னிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வெள்ளை ஒயரை இரண்டு லைட்டுக்கும் நேராக இழுத்ததும் சரியாகிவிட்டது. பிரேக்குக்கு 6ஆம் பின், சிவப்பு, 1.5 போதும். கடையில் கொடுக்கும் 0.5 ஒயரை வாங்காதீர்கள். 21 வாட் பல்பு இரண்டும் 3.5 ஆம்பியர் இழுக்கும். அந்த 0.5 ஒயரில் 8 மீட்டருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் போய், வெளிச்சம் கால் பங்கு குறையும். டிராக்டர் பல்புகளும் சேர்ந்தால் 7 ஆம்பியர். அத்தனையும் பெடல் ஸ்விட்ச் வழியாகப் போனால் அதன் முனை கருகும், ஆகவே ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) வையுங்கள்.

லைட்டைவிட முக்கியமானது பெடல். வயலை விட்டு ரோட்டில் ஏறியதும் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணைத்தே ஆகவேண்டும். பாரத்தோடு ஒற்றைப் பெடலை மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி மடக்கிவிடும். ஸ்விட்ச் ஒரே பெடலில் இருக்கும் வண்டியில் மற்றதை மிதித்தால் லைட்டும் வராது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையா? கொள்ளிடக் கரையில் இறங்கும் முன்பே கீழ் கியர் போட்டுவிடுங்கள்; பாதி இறக்கத்தில் கிளட்சைத் தொடவே கூடாது.