போகிமான் கோ விபத்துகள்: பொறுப்பு யாருடையது? கட்டுரைக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சட்டப்படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். நிஜ இடங்களுக்கு நடந்துபோய், கைபேசித் திரையில் தோன்றும் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் விளையாட்டான போகிமான் கோவை ஆடும்போது நடக்கும் விபத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கட்டுரை.

2016 அக்டோபரில், ஜப்பானின் இச்சினோமியாவில், இந்த விளையாட்டை ஆடிக்கொண்டே லாரி ஓட்டியவர் மோதி 9 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓட்டுநருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் வேகமாகப் போகும் வண்டியில் ஆட முடியாதபடி, விளையாட்டை உருவாக்கிய நியாண்டிக் நிறுவனம் கட்டுப்பாட்டை இறுக்கியது அதற்கு அப்புறம்தான். முன்பே செய்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

பணமோ தொடக்கத்திலிருந்தே கொட்டியது. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் தன் ஏறத்தாழ 3,000 கடைகளை விளையாட்டுக்குள் கொண்டுவந்து ஆட்களை வரவழைத்தது. 2025இல் நியாண்டிக் தன் விளையாட்டுப் பிரிவை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு விற்றது.

அமெரிக்காவில் தங்கள் இடத்துக்குள் ஆட்கள் நுழைகிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் நியாண்டிக் மீது போட்ட வழக்கு 2019இல் சமரசமானது. அதன்படி, புகார் வந்தால் நியாண்டிக் 15 நாளுக்குள் தீர்க்க முயலவேண்டியிருந்தது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் விளையாட்டில் குறிக்கப்பட்டிருக்கும் இடத்தை, வீட்டுக்காரர் கேட்டால் நீக்கவேண்டியிருந்தது. இது நடைமுறையில் நடந்ததா?

அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது அப்படிப் புகார் கொடுத்திருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பெயரைக் குறிப்பிட மாட்டேன். ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள், இச்சினோமியா வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படிக்க உதவினால் பெரிய உபகாரமாக இருக்கும். கட்டுரையை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும்.