பிங்கிங், வேக்குவம் ஹோஸ்: தமிழ்ல என்ன போடலாம்?

ரா. (உல்சூர்):
எல்லாருக்கும் வணக்கம், அவசர உதவி ஒண்ணு வேணும். 1980கள்ல வந்த ஒரு அமெரிக்கப் பெட்ரோல் பிக்கப் டிரக்கோட ரிப்பேர் கையேட்ட தமிழாக்கிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். படிக்கப் போறது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து இங்க பெங்களூர் ஒர்க்‌ஷாப்ல வந்து சேர்ற பசங்க. மேட்டுல ஏறும்போதும் லோடு இழுக்கும்போதும் இன்ஜின்ல வர்ற 'பிங்' சத்தத்துக்கே ஒரு முழு அத்தியாயம் இருக்கு, அதுல பாதி, எரிஞ்ச புகைய இன்ஜினுக்குள்ள திருப்பி விடுற ஈஜிஆர் வால்வுக்குப் போற வேக்குவம் ஹோஸ் (உறிஞ்சல் வர்ற ரப்பர் குழாய்) விரிசல் விட்டதப் பத்தி. இப்போதைக்கு 'முன்வெடிப்பு', 'வெற்றிடக் குழாய்'னு போட்டு வச்சிருக்கேன். சரியா வருமா?

சு. (ஜாலஹள்ளி):
தம்பி, முன்வெடிப்பு வேண்டவே வேண்டாம், பொருளே மாறிடும். பிங்கிங்ல ஸ்பார்க் அடிச்சாச்சு, தீ பரவிட்டிருக்கு, அப்ப மூலைல மிச்சமிருக்கிற பெட்ரோல்-காத்துக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காம தானா பத்திக்குது. அதாவது ஸ்பார்க்குக்குப் பின்னாடி. ஸ்பார்க்குக்கு முன்னாடியே கார்பன் கங்கோ பிளக் நுனியோ பத்த வைக்கிறது வேற நோய், அதுக்குத்தான் 'முன்பற்றல்'. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா பையன் பிளக்க மட்டும் மாத்திட்டு ஸ்பார்க் அடிக்கிற டைமிங்கையும் ஹோஸையும் பாக்காமலே விட்டுடுவான். ஈஜிஆர் எதுக்கு? நைட்ரஜன் ஆக்சைடக் குறைக்கத்தான் வச்சாங்க. எரிஞ்சு முடிஞ்ச புகைல கொஞ்சத்தத் திருப்பி உள்ள விட்டா எரியிற சூடு இறங்கும். ஹோஸ் கிழிஞ்சா வால்வு திறக்காது, சூடு ஏறும், சத்தம் வரும். இன்டேக் பக்கம் ஹோஸ் ஒழுகினாலும் கணக்கில வராத காத்து போய் கலவை நீர்த்துப்போகும், அதுவும் அதே சத்தத்துலதான் கொண்டுபோய் விடும்.

வா. (ஸ்ரீராமபுரம்):
அன்பர்களே, தொல்காப்பியர் உரியியல்ல கைமேல எடுத்து வச்சிருக்காரு, நாம தேடிக்கிட்டிருக்கோம். 'துவைத்தலும் சிலைத்தலும் இயம்பலும் இரங்கலும் இசைப்பொருட் கிளவி'. சிலைத்தல்னா ஒலித்தல். சிலைன்னா வில்லும்தான், நாண் தெறிக்கிற ஓசை காதுல விழல? உலோகம் தெறிக்கிற சத்தத்துக்கு 'சிலைப்பு' மாதிரி சொல் கிடைக்காது. வேக்குவம் ஹோஸ் 'உறிகுழல்'. உறிதல்னா உறிஞ்சுதல்னே பொருள் உண்டு. வெற்றிடம்ங்கிறது ஓர் இடம், அங்க நடக்கிறது இழுப்பு.

ஜெ. (கலாசிபாளையம்):
ஐயா மன்னிக்கணும். ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல போய் சிலைப்புன்னு கேட்டா சாமி சிலைன்னுதான் நினைப்பாங்க. உறின்னா எங்க அம்மாவுக்குத் தயிர்ப்பானை தொங்குறதுதான். இங்க தமிழ், கன்னடம், உருது மூணும் கலந்து பேசுறோம், மூணுலயும் நாக்கிங், ஹோஸ்தான். பேர விடுங்க, கையேட்ல ரெண்டு வேக்குவத்தையும் பிரிச்சுச் சொல்லியிருக்கான்னு முதல்ல பாருங்க. இன்ஜினுக்குள்ள காத்து போற மேனிஃபோல்டுலருந்து நேரா எடுக்கிறது ஐடில்லயே, அதாவது ஆக்சிலேட்டர மிதிக்காம இன்ஜின் ஓடும்போதே, 18லருந்து 21 இன்ச் மெர்குரி உறிஞ்சல் காட்டும். கார்புரேட்டர்ல காத்த அடைச்சுத் திறக்கிற திராட்டில் தகட்டுக்கு மேல இருக்கிற துளைலருந்து எடுக்கிறது ஐடில்ல ஒண்ணுமே இருக்காது, ஆக்சிலேட்டர மிதிச்சாத்தான் வரும். ஈஜிஆருக்குப் போறது ரெண்டாவது. மாத்தி மாட்டினா வண்டி ஐடில்ல நிக்காது, ஆஃப் ஆயிடும். ரெண்டையும் 'வெற்றிடக் குழாய்'னு ஒரே பேர்ல எழுதினீங்கன்னா பானெட்டுக்கு அடில ஒட்டியிருக்கிற வேக்குவம் படத்தப் பாத்தும் பையனுக்குப் புரியாது.

மீ. (கம்மனஹள்ளி):
ஜெ. சொல்ற பிரிவு ரொம்ப முக்கியம். 'நேர் உறிஞ்சல்', 'திராட்டில்வழி உறிஞ்சல்'னு வச்சுக்கலாமே. பிங்கிங்குக்கு 'தட்டல்' போதும்னு நினைச்சேன், ஆனா டேப்பட்டும் தட்டும், பேரிங்கும் தட்டும். அதனால 'எரிதட்டல்'. வா. ஐயா, 'கடிசொல் இல்லை காலத்துப் படினே'ன்னும் தொல்காப்பியர்தான சொல்லியிருக்காரு.

வா.:
அம்மா, அந்த நூற்பா காலத்தால வழக்குக்கு வந்த சொல்லுக்கு, நேத்து ராத்திரி உருவாக்கின சொல்லுக்கு இல்ல. அதோட 'எரிதட்டல்' எந்தத் தொகை? எரியால உண்டாகிற தட்டல்னா மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வலி மிகணும், அதாவது நடுவுல 'த்' வரணும், 'எரித்தட்டல்'. வினைத்தொகைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, தட்டல் எரியிறதில்லையே.

மீ.:
இலக்கணம் சரிங்க ஐயா. ஆனா 'எரித்தட்டல்'னு படிச்சா எதையோ எரித்துத் தட்டுற மாதிரி காதுல விழுது. வகுப்புல பாடம் நடத்துறவ நான், இந்த ஒற்று வேண்டாம்.

ரா.:
இன்னொண்ணு. பெட்ரோல் இந்தச் சத்தத்தத் தாங்குற அளவு, அதான் ஆக்டேன், '87 ஆக்டேன் போதும்'னு கையேட்ல இருக்கு. நம்ம ஊர் பங்க்ல ரொம்ப வருஷமா 91தான் இருந்துச்சு. மாத்தி எழுதவா?

சு.:
கைவைக்காத. அமெரிக்காக்காரன் ரெண்டு முறையில அளந்து சராசரி போடுறான், நம்மது ஆராய்ச்சி முறை அளவு மட்டும். அங்க 87ங்கிறது இங்க 91க்குக் கிட்டத்தட்டச் சமம். அடிக்குறிப்பா போடு. சொல்லுக்கு நானும் எரிதட்டல் பக்கம். முதல் இடத்துல 'எரிதட்டல், அதாவது நாக்கிங்'னு போட்டுட்டா கடையிலயும் புரியும். டீசல் வண்டியில வர்ற தட்டலயும் இதே பேர்ல எழுதிடாதீங்க, அது டீசல் பத்திக்கத் தாமதமாகி மொத்தமா பத்துறதால வர்றது, தனி விஷயம்.

ஜெ.:
எரிதட்டல் ஓகே. ஹோஸ் ஹோஸாவே இருக்கட்டும். சோதனையையும் தெளிவா எழுதுங்க: கைப்பம்ப் வச்சு ஐடில்ல ஈஜிஆர் வால்வத் தூக்கினா இன்ஜின் தடுமாறணும். தடுமாறலன்னா உள்ள வழி கார்பன் அடைச்சிருக்கு. இது சாதா வால்வுக்கு மட்டும், புகையோட எதிரழுத்தத்தையும் பாத்துத் திறக்கிற பேக்பிரஷர் வகையில இப்படிப் பாக்க முடியாது. நுனில வெடிச்ச ஹோஸ வெட்டிட்டு மாட்டலாம்னு பசங்க நினைப்பாங்க, ரப்பர் மொத்தமும் காஞ்சிருக்கும், முழுசா மாத்தச் சொல்லுங்க.

ரா.:
நன்றி. எரிதட்டல், நாக்கிங், வேக்குவம் ஹோஸ், மீ. அக்கா சொன்ன ரெண்டு உறிஞ்சல். இதையே அனுப்புறேன்.

வா.:
அனுப்புங்க. என் வாக்கு சிலைப்புக்குத்தான், சொல்லடைவுல மாற்றுச்சொல்லாவாவது சேத்துடுங்க. வலி மிகாம எழுதுறதுக்கு என் மறுப்பையும் பதிவு பண்ணிக்கங்க.