மறு: உரைச் சாகச ஆட்டங்களில் ‘ரூம்’: அறையா, இடமா, களமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உரைச் சாகச ஆட்டம், அதாவது எழுத்திலேயே விவரித்து, ஆடுபவர் தட்டும் கட்டளைக்கேற்ப நகரும் கணினி ஆட்டம், எழுதுவதற்கான நிரல்மொழி இன்ஃபார்ம் 7. அதற்குத் தமிழில் பாடங்கள் எழுதிவருவதாகச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். முதல் பாடத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த மொழியில் ஆட்டம் எழுத உட்காரும் யாரும் முதலில் எழுதுவது ‘த கிச்சன் இஸ் எ ரூம்’ போன்ற ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வரியே போதும், ஆட்டம் ஓடத் தொடங்கிவிடும். நிரல் ஆங்கில வாக்கியமாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ‘ரூம்’ என்பது என்ன என்று பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும்.

> அகராதியில் அறை என்றுதானே இருக்கிறது? அதையே வைத்துக்கொள்ளலாமே.

அண்ணா, அறை என்றதும் சுவர் வந்துவிடுகிறது. இங்கே கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடியில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். ‘காப்பித் தோட்டம் ஓர் அறை’ என்றதும் ஒரு சிறுமி, “தோட்டத்துக்கு ஏது சார் கதவு?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். இன்ஃபார்மில் காடும் ரூம், ஓடைக்கரையும் ரூம், பஸ் வந்து நிற்கும் முக்கும் ரூம். ஆடுபவர் எங்கெல்லாம் போய் நிற்க முடியுமோ அதெல்லாம் ரூம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1970களின் நடுவில் வில் குரௌதர் எழுதிய ‘அட்வென்ச்சர்’ என்ற முன்னோடி ஆட்டம், அமெரிக்காவில் கென்டக்கியில் உள்ள மாமத் குகையை வைத்து எழுதப்பட்டது. அவரே குகைகளில் இறங்கிப் பழகியவர். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். குகைக்குள் போகிறவர்கள் உள்ளே அகலமாக விரியும் பகுதியை ரூம் என்பார்கள். அந்தப் பேச்சுதான் ஆட்டத்துக்கும் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்த ஆட்டமே குகைக்கு வெளியில், ஒரு சாலை முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது. ஆங்கிலத்திலேயே அன்றைக்கே சுவரைத் தாண்டிவிட்ட சொல் இது. நாம் ஏன் மறுபடி சுவர் எழுப்ப வேண்டும்?

> அப்படியானால் இடம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் அக்கா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் இலக்கணத்தில் ‘இடம்’ என்றுதானே சொல்கிறோம்? இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் முன்னிலையில் கதை சொல்பவை. ‘நீ ஓடைக்கரையில் நிற்கிறாய்’ என்றுதான் விவரிப்பு வரும். அதைத் தன்மைக்கோ படர்க்கைக்கோ மாற்றும் வசதியும் இன்ஃபார்மில் இருக்கிறது. அந்தப் பாடத்தை எழுதும்போது ‘இடத்தை மாற்று’ என்றால் பிள்ளை எதை மாற்றும்? அப்புறம், இடம் என்பது அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருகிற சொல். கலைச்சொல்லாக வரும்போது தனியாகத் தெரியாது.

என் தேர்வு களம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் களம் என்றால் காப்பி காயப்போடும் தரை. பழம் பறிக்கிற மாதங்களில் அங்கேதான் ஓடுவார்கள், அங்கேதான் அடி வாங்குவார்கள். சமவெளிப் பிள்ளைக்கு அது நெல் அடிக்கும் களம். போர்க்களம், ஆடுகளம், கதைக்களம் எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று நடக்கிற இடம் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. ஆடுவதற்கும் கதைக்கும் பொதுவான சொல் இதைவிட எனக்குக் கிடைக்கவில்லை. ‘சமையற்கட்டு ஒரு களம்’, ‘கல்திட்டை ஒரு களம்’ என்று சொல்லிப் பாருங்கள், எதுவும் இடறவில்லை. கதைக்களம் என்பது கதை முழுவதற்குமான பின்புலம் ஆயிற்றே என்று கேட்கலாம். பல ரூம்களைச் சேர்த்து இன்ஃபார்ம் ‘ரீஜன்’ என்கிறது, அதற்கு வட்டாரம் என்ற சொல் இருக்கிறது. தனிக் களம் சிறியதாகவே நிற்கும்.

திசைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்ஃபார்மில் எட்டுத் திசை, மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று பன்னிரண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓரிரு எழுத்தைத் தட்டினாலே நகரலாம். தமிழில் ஆட்டம் செய்யும் நாள் வந்தால் ‘மே’ என்பது மேற்கா, மேலேயா? இந்தச் சிக்கல் தற்செயலானது இல்லை. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே நிலம் தாழ்கிற நாட்டில் மேல், கீழ் என்பதிலிருந்தே மேற்கும் கிழக்கும் பிறந்தன. தாண்டிக்குடிக்கு மேற்கே கொடைக்கானல், மேலே. கிழக்கே இறங்கினால் வத்தலக்குண்டு. இங்கே யாரும் ‘மேலே செல்’ என்று சொல்வதில்லை, ஏறு, இறங்கு என்பார்கள். அந்த இரண்டையுமே கட்டளையாக வைத்துவிட்டால் ‘மே’ மேற்குக்கு மட்டும் ஆகிவிடும்.

‘ஸ்கெயின்’ பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. ஆடிப் பார்த்த ஒவ்வொரு வழியையும் கிளை கிளையாகச் சேமித்துவைக்கும் பகுதி அது, இன்ஃபார்ம் செயலியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நூற்கற்றை என்று பொருள். தறிக்காரர்களின் ‘சிட்டம்’ அப்படியே பொருந்துகிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

களத்தில் எனக்கு உள்ள ஒரே கவலை வேறு. பெட்டி போல உள்ளே பொருள் வைக்கத்தக்கவற்றைக் குறிக்கும் ‘கன்டெய்னர்’ என்பதற்கு முன்பு நானே கலம் என்று எழுதியிருந்தேன். கலம் களத்தில் இருக்கிறது என்று வாசித்தால் ல, ள குழம்பாத பிள்ளை இல்லை. அதனால் அதைக் கொள்கலன் என்று மாற்றிவிட்டேன். மேசை, திண்ணை போல மேலே பொருள் வைக்கத்தக்கவற்றைக் குறிக்கும் ‘சப்போர்ட்டர்’ மட்டும் மிச்சம். தாங்கி என்று போட்டிருக்கிறேன். திண்ணையைத் தாங்கி என்று சொல்ல மனம் வரவில்லை. வேறு சொல் தோன்றினால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அன்று இரண்டாம் பாடத்தை அனுப்பிவிடுவேன்.