புதுப்பிப்பு: ஏர்பேக் விளக்கு அணைந்தது, கோளாறு சீட்டுக்கு அடியில்

காரை ஸ்டார்ட் செய்த பிறகும் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

என்னிடமிருந்த சாதாரண ஓபிடி ரீடர் (காரில் செருகிக் கோளாறைப் படிக்கும் கருவி) எஞ்சினின் கோளாறு குறியீடுகளை, அதாவது கோடுகளை (code), மட்டும்தான் படித்தது. ஏர்பேக் மாட்யூலையும் (ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) படிக்கும் ஸ்கேனரை இரவல் வாங்கிச் செருகியதும், ஓட்டுநர் சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக் சர்க்யூட்டில் மின்தடை அதிகம் என்று வந்தது. உங்களில் பலர் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கைச் (ஸ்டியரிங் திரும்பினாலும் அதிலுள்ள ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் ஒயர்) சந்தேகித்தீர்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் கோடு சீட்டைக் காட்டியதால் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன நேரத்துக்கும் கூடுதலாகவே காத்திருந்தேன். பேட்டரி இல்லாவிட்டாலும் மாட்யூலின் கெபாசிட்டரில் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அப்புறம் சீட்டுக்கு அடியில் பார்த்தால், அந்த ஏர்பேக் ஒயரை இணைக்கும் மஞ்சள் கனெக்டர் பாதிதான் மாட்டியிருந்தது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ஒயர் இழுபட்டிருக்கிறது. பின்களில் துரு இல்லை. லாக் ஆகும்வரை அழுத்தி, ஒயரை இழுபடாதபடி கட்டினேன். பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் கோடை அழித்ததும் விளக்கு அணைந்தது.

மல்டிமீட்டர் வைத்து ஏர்பேக் சர்க்யூட்டின் மின்தடையை அளந்து பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். கனெக்டர் சரியாக இருந்தும் கோடு திரும்ப வந்தால், அதற்கு மேல் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதுவரை, விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்று எண்ணியே ஓட்டுங்கள்.