குளிருக்குத் தோலோடு ஒட்டி அணியும் உடுப்பு: ஒரு சொல் வேண்டும்

ஒஸ்லோவிலிருந்து:
அன்பர்களே, இங்குள்ள மழலையர் பள்ளி ஒன்றுக்காகக் குளிர்கால உடுப்புப் பட்டியலைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். நோர்வே மொழியில் 'உல்-உன்னர்தொய்' என்கிறார்கள். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி நூலில் மெல்லியதாகப் பின்னிய மேற்சட்டையும் கணுக்கால் வரை வரும் காற்சட்டையும். அதற்கு மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத உடுப்பு. போன வருடம் 'உள்ளாடை' என்று எழுதிவிட்டேன். புதிதாக வந்த ஒரு வீட்டில் பருத்தி பெனியனும் ஜட்டியும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பனியில் ஓடி விளையாடி வியர்த்து, பிறகு அந்த ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றது. இன்னும் மனது கேட்கவில்லை.

கோவையிலிருந்து:
'வெப்ப ஆடை', 'மூச்சுவிடும் துணி' என்று யாராவது சொல்லக்கூடும், இரண்டும் வேண்டாம். துணி சூடு தருவதில்லை, உடம்புச் சூட்டைக் காக்கிறது. மெரினோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் உடம்பில் சில்லென்று படாது. பாலியெஸ்டர் நூல் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை எனலாம், வெளியே கடத்திவிடும். பருத்திதான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே 'ஆவிவிடு துணி', வினைத்தொகை.

தொரொன்ரோவிலிருந்து:
ஐயா, ஆவி விடுவது என்றால் உயிர் விடுவது. பிள்ளைகளின் உடுப்புக்கு அந்தச் சொல் வேண்டாமே. நாங்கள் இங்கே 'தெர்மல்' என்றுதான் சொல்லுகிறோம், எல்லாருக்கும் விளங்கும்.

மதுரையிலிருந்து:
முல்லைப்பாட்டில் யவனர் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தோடு நிற்கிறார்கள். மெய்யை மூடும் பை, அதாவது சட்டை. மேலுக்கு அதை வைப்போம். காலுக்குச் 'சல்லடம்' என்ற காற்சட்டை இருக்கிறது. எங்கள் பக்கம் கருப்பசாமி கோயில் சாமியாடிகள் இன்றும் சல்லடம் கட்டுகிறார்கள், செத்த சொல் இல்லை. சல்லடைக்கும் இதற்கும் வேர் ஒன்றாக இருந்தால் ஆவி போகும் கண்களும் பெயரிலேயே வந்துவிடும்!

கோவையிலிருந்து:
சல்லடம் குட்டையானது, இது கணுக்கால் வரை வருவது. வேர் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்வோம். 'தெர்மல்' பற்றி ஒன்று: பருத்தியிலும் தெர்மல் விற்கிறார்கள். அதே பிள்ளை மறுபடி நடுங்கும். பெயரில் கம்பளி இருந்தே ஆக வேண்டும்.

சென்னையிலிருந்து:
இங்கே கம்பளி என்றால் போர்வை. 'அடியுடுப்பு' எப்படி?

தொரொன்ரோவிலிருந்து:
அடி என்றால் பாதமும்தானே, காலுறை என்று நினைப்பார்கள். உடுப்பு என்ற சொல் சேர்ந்தால் கம்பளியைப் போர்வை என்று யாரும் எடுக்க மாட்டார்கள். 'கம்பளி உள்ளுடுப்பு' எங்கள் அம்மாமாருக்கு உடனே விளங்கும்.

ஒஸ்லோவிலிருந்து:
சரி, 'கம்பளி உள்ளுடுப்பு' என்றே வைக்கிறேன். 'மேற்சட்டை, நீளக் காற்சட்டை' என்று பக்கத்தில் பிரித்து எழுதி, 'பருத்தி வேண்டாம்' என்பதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். அப்புறம், ஒரு படமும் வைக்கிறேன்.

மதுரையிலிருந்து:
படம் வையுங்கள், நல்லது. சொல்லுக்கு நான் உடன்படவில்லை. உள்ளுடுப்பு என்றால் ஜட்டியும் அதில் அடங்கும், போன வருடத்துக் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. மெய்ப்பை வேண்டாமென்றால் 'மெய்யுடுப்பு' என்றாவது வையுங்கள்.