அம்மா ஏறினால் மட்டும் நொக் காட்டும் கார்: உதவி தேவை

பரந்தன் பொடியன்

வணக்கம் அண்ணைமார். கார் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், 2006, ஜப்பானிலிருந்து வந்த 2 லீற்றர் ஈஜே20. எக்ஸோஸ்ட் மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) 1.05 பாருக்கு ஏற்றி, கொழும்பில் ஒருவரிடம் ரியூன் செய்து ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து லப்டொப்பைப் பக்கத்து சீற்றில் வைத்து, எஞ்சின் கணினியின் பதிவை (லொக்) எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறேன். எடுக்கத் தெரிகிறது, வாசிக்கத்தான் தெரியவில்லை.

வேலை மாங்குளத்தில். வார நாளில் தனியாக ஏ9 வீதியில் போய் வருவேன், லொக் துப்புரவு. ஞாயிறுகளில் அம்மாவை வவுனியாவில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது மட்டும், முறிகண்டி தாண்டிக் கொக்காவில் கோபுரம் வருவதற்குள் நொக் (பெற்றோல் கலவை சிலிண்டருக்குள் தானாக வெடிப்பது) இப்படி வருகிறது. ஃபீட்பேக் என்பது, நொக் கேட்டதும் கணினி அந்த நொடியே பிளக் பொறியின் டைமிங்கில் குறைத்த பாகை:

மூன்றாம் கியர், 3080 சுற்று, பூஸ்ட் 1.02, ஃபீட்பேக் நொக் −2.8
மூன்றாம் கியர், 3240 சுற்று, பூஸ்ட் 1.05, ஃபீட்பேக் நொக் −2.8

லேர்னிங் நொக்கிலும் அதே இடத்தில் −1.4 பதிந்து நிற்கிறது. ஐஏஎம், அதாவது டைமிங்கை எவ்வளவு கூட்டலாம் என்று கணினி வைத்திருக்கிற நம்பிக்கை எண், 1இல் இருந்து 0.75க்கு இறங்கிவிட்டது. இதைவிட, வீட்டு ஒழுங்கையில் 2000 சுற்றில் மெல்ல ஊரும்போதும் சில வேளை −1.4 வருகிறது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வைட்பாண்ட் மீற்றரில் காற்று-பெற்றோல் விகிதம் முழு பூஸ்டில் 11.2, அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

இது உண்மையான நொக்கா? ஓடலாமா, நிற்பாட்டவா?

ஆனையிறவு உப்பு

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போனால் அப்படித்தான் தம்பி. எஞ்சின் தானே உடைத்துக் காட்டும்.

பரந்தன் பொடியன்

உடைக்காமல் அம்மா விடுவாவா அண்ணை? தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கி, அங்கே இறங்கும் பஸ் சனத்தில் தெரிந்த யாரையாவது கண்டு கதைத்து முடியவே அரை மணித்தியாலம்.

ரயர் கடை

பற்றரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பூட்டுங்கோ. எல்லாம் பூச்சியம் ஆகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான்.

மாங்குளம் கராஜ்

தம்பி, பற்றரியில் கை வைக்கவேண்டாம். அது நோயாளியின் ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டுச் சுகம் என்று சொல்வது மாதிரி. லேர்னிங் நொக் என்பது எந்தச் சுற்றில், எந்த லோட்டில் நொக் கேட்டது என்று கணினி எழுதி வைத்திருக்கிற கொப்பி. அழித்தால் ஐஏஎம்மும் நடுவிலிருந்து தொடங்கும், டைமிங் குறைந்து ஓடும், நொக் போய்விட்டது என்று நினைப்பீர்கள். கணினி மறுபடி படித்து ஏறியதும் திரும்ப வரும்.

இப்போது உங்கள் லொக். இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழம்புகிறீர்கள்.

நொக் சென்சர் என்பது எஞ்சின் புளொக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மைக். பிளக் பொறி விட்ட பிறகு, நெருப்பு இன்னும் போய்ச் சேராத மூலையில் கிடக்கும் பெற்றோல் காற்றுக் கலவை தானாக வெடித்தால் சிலிண்டருக்குள் ஒரு மணிச் சத்தம் ஒலிக்கும். உங்கள் 92 மில்லிமீற்றர் சிலிண்டருக்கு அது ஏறக்குறைய 6 கிலோஹேர்ட்ஸ். அந்த மைக்குக்கு மணிச் சத்தம் எது, தகரச் சத்தம் எது என்று எப்போதும் பிரித்தறியத் தெரியாது. கிரவல் ஒழுங்கையில் கல் தெறித்து அடியில் அடித்தாலும், எக்ஸோஸ்டின் வெப்பத் தகடு ஆடினாலும், கிளச் கடிக்கும்போது எஞ்சின் உதறினாலும் அதுவும் எழுதிவிடும்.

ஆகவே 2000 சுற்றில், பூஸ்டே இல்லாத இடத்தில் வருகிற −1.4ஐ நான் நம்பமாட்டேன். தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 3000க்கு மேல், முழு பூஸ்டில், ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இடத்தில் வருகிறதை நம்புகிறேன். பொய் நொக் கண்ட கண்ட இடத்தில் வரும். உண்மையானது லோட் ஏறுகிற இடத்தில் வந்து, போய்த் திரும்பினால் அதே இடத்தில் மறுபடி நிற்கும். போதாததற்கு ஐஏஎம்மும் இறங்கியிருக்கிறது.

என்ன பெற்றோல் அடிக்கிறீர்கள்? பிளக் எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்? பதில் வரும் வரைக்கும் பூஸ்ட் ஏறும் அளவுக்கு மிதிக்கவேண்டாம்.

பரந்தன் பொடியன்

92 ஒக்டேன்தான் அண்ணை. கொழும்பில் ரியூன் செய்தபோது 95. இங்கே நான் அடிக்கிற பெற்றோல் செட்டில் 95 இல்லை. ஆனால் வார நாளிலும் அதே 92தானே? அப்போது ஏன் வருவதில்லை? அம்மாவின் பாரமா?

காதுக்குக் கேட்காதது நொக்காக இருக்குமா என்றும் சொல்லுங்கோ.

மாங்குளம் கராஜ்

கேட்கும், நீங்கள் கேட்கிற விதத்தில் கேட்காது. எக்ஸோஸ்ட் சத்தமும் காற்றுச் சத்தமும் மூடிவிடும். நாங்கள் பழைய முறையில் செய்வது: பிரிட்ஜ் திருத்துகிறவர்களிடம் ஒரு முழம் செம்புக் குழாய் வாங்கி, ஒரு முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, புளொக்கில் இருக்கிற ஏதாவது ஒரு பிராக்கெட் போல்ட்டில் இறுக்குவது. மறுமுனையில் ரப்பர் ஹோஸைச் செருகி, பொனட் இடுக்கால் ஜன்னலுக்குள் எடுத்து, மரம் அரிகிற ஆட்கள் காதில் போடும் மூடியின் ஒரு பக்கத்தில் துளைத்து ஒட்டிவிட்டால் முடிந்தது. பார்க்கிறவன் சிரிப்பான். உண்மை நொக் வந்தால் தகரப் பேணிக்குள் குறுணிக்கல் போட்டுக் குலுக்குவது போல் கேட்கும், ஒரு முறை கேட்டவன் மறக்கமாட்டான். ஆனால் கேட்கிறவர் பக்கத்து சீற்றில் இருக்கவேண்டும், ஓட்டுகிறவர் அல்ல.

அப்புறம், முழு இழுவைச் சோதனை ஏ9இல் வேண்டாம். மாடு எப்போது குறுக்கே வரும் என்று மாட்டுக்கே தெரியாது. உங்கள் பிரச்சினை 3200 சுற்றில். மூன்றாம் கியரில் அது 70க்குள்தான். அதற்கு மேல் போகத் தேவையில்லை.

வெள்ளவத்தை

நான் இரண்டு சுபாரு வைத்திருந்தவன். தம்பியின் கேள்விக்கு விடை முறிகண்டியில்தான் இருக்கிறது, பகிடி இல்லை.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்த்துகிற உங்கள் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. ஓடும்போது பொனட்டிலிருக்கும் வாயால் காற்று வந்து அதைக் குளிர்த்தும். மத்தியான வெயிலில், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், அரை மணித்தியாலம் நிற்பாட்டினால் கீழே இருக்கிற எஞ்சினின் சூடு முழுவதும் அந்த அலுமினியத்துக்குள் ஏறிவிடும். கோயிலால் வெளிக்கிட்ட உடனே மிதித்தால் சிலிண்டருக்குப் போவது கொதிக்கிற காற்று. வார நாளில் நீங்கள் நிற்பதில்லை, அல்லது உண்டியலில் காசைப் போட்டுவிட்டு உடனே எடுக்கிறீர்கள். சரியா?

இன்னொன்று, லொக்கில் காற்று வெப்பநிலை 40 பாகை என்றுதானே காட்டியிருக்கும்? அதைப் பார்த்து ஏமாறவேண்டாம். இந்தக் காரில் அந்தச் சென்சர் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. இன்டர்கூலர் தாண்டி என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆனால் சூடு மட்டும் குற்றவாளி இல்லை. ஒக்டேன் எண் என்பது பெற்றோல் நொக்கைத் தாங்கும் அளவு. ஜப்பானில் இந்தக் காருக்குப் போடச் சொல்வது பிரீமியம் பெற்றோல், அங்கே தேசியத் தர நிர்ணயப்படி (ஜேஐஎஸ்) அது 96க்குக் குறையக்கூடாது. நமது 95கூட அதற்குக் கீழே. நீங்கள் 95க்குச் செய்த ரியூனில் 92 ஊற்றியிருக்கிறீர்கள். குளிர்ந்த நேரத்தில் எப்படியோ தப்புகிறது, சூடு ஏறியதும் தாண்டிவிடுகிறது. கலந்து அடிப்பதும் உதவாது, பாதித் தாங்கி 92இல் பாதி 95 ஊற்றினால் ஏறக்குறைய 93.5தான்.

ரயர் கடை

ஒக்டேன் பூஸ்டர் போத்தல் ஒன்று விட்டால்? 3 புள்ளி ஏறும் என்று எழுதியிருக்கு.

வெள்ளவத்தை

போத்தலில் 1 புள்ளி என்றால் பெரும்பாலும் 0.1 ஒக்டேன். 92 என்பது 92.3 ஆகும். சில வகையில் மங்கனீஸ் இருக்கும், பிளக் செம்மஞ்சளாகப் படிந்துவிடும். பிறகு பிளக்கைப் பார்த்து ஒன்றும் சொல்லவும் முடியாது.

மாங்குளம் கராஜ்

அண்ணை சொல்வது சரி. நான் கோயிலை யோசிக்கவில்லை. தம்பி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

பரந்தன் பொடியன்

மூன்று ஞாயிறு கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் தகடு. டவுன்பைப் பக்கத்தில் ஒரு போல்ட் துருப்பிடித்து அறுந்து போயிருந்தது, விரலால் தட்டினால் கிலுக்கட்டி மாதிரி. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றிப் போட்டு இறுக்கினேன். ஒழுங்கையில் மெல்ல ஊரும்போது வந்த −1.4 அதோடு போய்விட்டது. கிரவலில் எப்போதாவது ஒன்று வருகிறது, அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிளக் நான்கும் கழற்றினேன். நொக் அடித்த அடையாளமாக வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போல் கறுப்போ, மினுங்கும் அலுமினியப் புள்ளியோ இல்லை. நிம்மதி.

முதல் ஞாயிறு அதே 92. முறிகண்டியில் அம்மா உள்ளே போன பிறகு பொனட்டைத் திறந்து இன்டர்கூலரில் கை வைத்தேன். தோசைக்கல். வெளிக்கிட்டதும் மிதிக்காமல் கொக்காவில் தாண்டும் வரை ஒரே வேகத்தில் போய், பிறகு 3000க்கு ஏற்றினேன். −1.4 ஒரே ஒரு தடவை.

இரண்டாம் ஞாயிறு 95. சனிக்கிழமையே தாங்கியை வற்ற ஓடி, வவுனியாவில் ஒரு செட்டில் நிரப்பியிருந்தேன். அதே அரை மணித்தியாலம், அதே வெயில். கோயில் வாசலால் எடுத்த உடனேயே மிதித்தேன். பூச்சியம். திரும்பி வரும்போதும் பூச்சியம். இந்த மூன்றாம் கிழமையில் லேர்னிங்கில் இருந்த −1.4 அழிந்து ஐஏஎம் 1க்கு வந்துவிட்டது, பற்றரியைத் தொடாமலே.

கொழும்புக்காரரிடம் லொக்குகளை அனுப்பினேன். 92க்கென்று தனி மப் (கணினிக்கு ஏற்றும் ரியூன்) ஒன்று தருகிறார், பூஸ்ட் 0.85, டைமிங்கும் குறைத்து. கார் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கும். பரவாயில்லை, 95 கிடைக்கிற அன்றைக்கு மற்றதைப் போட்டுக்கொள்வேன்.

செம்புக் குழாய் வேலையையும் செய்தேன். அம்மாவைத்தான் காது மூடி போடச் சொன்னேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, கச்சானை உடைத்தபடி, "மோனே, உள்ளே யாரோ உரலில் இடிக்கினம்" என்றா. பார்த்தால் ஹோஸ் முனை ஏர் ஃபில்டர் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது.